கடுமையான விமர்சனத்தைக் கலைஞர்கள் எப்படித் தாங்குகிறார்கள்?

"காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்" என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ரஷ்ய இசைக்கலைஞர் ரஹ்மானினோவையே எடுத்துக்கொள்வோம். 1897-இல் பீட்டர்ஸ்பர்க்கில் அவருடைய முதல் சிம்பொனி (முழு இசைக்குழுவும் வாசிக்கிற நீண்ட படைப்பு) அரங்கேறியபோது வயது 23தான். ஒத்திகை போதவில்லை, வாசிப்பு சொதப்பல். விமர்சகர் சேசார் கூய், பைபிள் கதையில் எகிப்தைத் தாக்கிய வாதைகளோடு அந்த இசையை ஒப்பிட்டு, நரகத்தில் இருப்பவர்கள் வேண்டுமானால் ரசிப்பார்கள் என்ற தொனியில் எழுதித் தள்ளினார். (கூயும் இசையமைப்பாளர்தான். சக தொழில்காரர் அடித்தால் வலி இன்னும் கூடுதல்.)

மனிதர் நொறுங்கிப்போனார். சுமார் மூன்று வருடம் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. ஆனாலும் சும்மா உட்காரவில்லை. மாஸ்கோவில் ஒரு தனியார் ஆபரா (இசை நாடக) குழுவில் இசை நடத்துநராகச் சேர்ந்தார். மேடையோடு தொடர்பு அறுந்துபோகவில்லை, அதுதான் முக்கியம். அப்புறம் 1900-இல் நிக்கோலாய் தால் என்ற மருத்துவரிடம் மனவசிய சிகிச்சைக்குப் போனார். அடுத்த வருடமே இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) முழுமையாக அரங்கேறிப் பெரும் வெற்றி பெற்றது. அதை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார்.

காயம் முழுக்க ஆறிவிட்டதா என்றால், இல்லை. அந்த முதல் சிம்பொனியை 1943-இல் இறக்கும்வரை அவர் அச்சிட விடவே இல்லை.