கித்தாக் காட்டில் ஒரு சாவு: யார் துப்பறிவது, எந்த ஆண்டில், எந்த விஷத்தால்?

கேள்வி: என் பாட்டி மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னதை வைத்து, 1930களில் நடக்கிற ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறேன். ஒரு சாவு உண்டு. வெட்டுக்குத்து, ரத்தம் வேண்டாம். வீட்டில் எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கணும். தோட்டத்து வெள்ளைக்கார துரையின் மனைவி, துரைசானி, துப்பறிகிறார், அரளி விதையால் கொலை. வெளிநாட்டு வாசகருக்கும் மலாயா அழகாகத் தெரிய வேண்டும் என்று மலையும் மூடுபனியும் நிறைய எழுதிவிட்டேன். இருபது பக்கத்தோடு கதை நின்றுவிட்டது. எங்கே தவறு?

பதில்: துரைசானியில்தான். அவர் பங்களா மேட்டில் இருக்கிறது, தொழிலாளர் குடியிருக்கிற லயம் கீழே இருக்கிறது. அவர் இறங்கி வந்தால் எல்லாரும் கைகட்டி நின்று "சரிங்கம்மா" என்பார்கள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. பிறகு எப்படித் துப்புக் கிடைக்கும்? இருபது பக்கத்தில் கதை நிற்காமல் என்ன செய்யும்!

இந்த வகைக் கதை வம்பில் ஓடுவது. எல்லாரும் வந்து போகிற ஓர் இடமும் அங்கே காதைத் திறந்து வைத்திருக்கிற ஓர் ஆளும் வேண்டும். தோட்டத்தில் அந்த இடம் ஆயாக் கொட்டகை. பெரட்டுக்கு, அதாவது விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுப்பதற்கு, முன்னால், இருட்டிலேயே, தாய்மார் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து விட்டுப் போவார்கள். யார் கண் வீங்கியிருக்கிறது, யார் இன்று பிள்ளையைக் கொண்டுவரவில்லை, யார் வழக்கமான பாதையை விட்டுச் சுற்றி வந்தாள் என்பதெல்லாம் ஆயாவுக்கு ஆறு மணிக்குள் தெரிந்துவிடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரையும் வைக்கலாம்தான். ஆனால் அவர் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்; அவரைச் சந்தேகத்துக்குரியவராக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இன்னும் நன்றாக உழைப்பார்.

அரளி வேண்டாம். சாப்பிட்டவன் வயிற்றைப் பிடித்ததுமே தமிழ் வாசகர் "அரளி" என்று சொல்லிவிடுவார். தோட்டத்து விஷம் என்றதும் நம் ஊரில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான் நினைவுக்கு வரும். ஆனால் அது சந்தைக்கு வந்ததே 1960களில். உங்கள் காலத்துக்குப் பொருந்துவது சோடியம் ஆர்சனைட். லாலான் புல்லைக் கொல்ல ரப்பர்த் தோட்டங்களில் தாராளமாக அடித்த மருந்து அது. அடித்த புல்லைத் தின்ற மாடுகள் செத்திருக்கின்றன. மனிதன் குடித்தால் வாந்தியும் பேதியும் காலராவைப் போலவே இருக்கும். டிரஸ்ஸர் "வயிற்றுப்போக்கு" என்று எழுதுவார், பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஆர்சனிக் அழியாது, புதைத்த உடலிலும் வாந்தி பட்ட துணியிலும் தங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836இலிருந்தே இருக்கிறது. முதல் நாளே செத்துப்போன ஒரு பசுமாட்டைக் கதையில் எங்காவது அலட்சியமாகப் போட்டு வையுங்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்குப் பெரட்டில் மலேரியாவுக்காக ஊற்றுகிற கொயினா மருந்து இருக்கவே இருக்கிறது. அந்தக் கசப்பில் எதைக் கலந்தாலும் தெரியாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவன் ருசி பார்ப்பதும் இல்லை.

ஆண்டைப் பொறுத்தவரை நான் 1938ஐச் சொல்வேன். 1930 தொடங்கிய ரப்பர் விலைச் சரிவில் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அங்கே போனால் கதை பசியைப் பற்றியதாகிவிடும். 1948க்கும் போகாதீர்கள். அந்த ஜூன் 16ஆம் தேதி உங்கள் சுங்கை சிப்புட் பக்கத்திலேயே மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. ஊரடங்கும் துப்பாக்கியும் இருக்கிற இடத்தில் மென்மையான துப்பறியும் கதை நிற்காது. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் கூலியாட்கள் மலாயா போவதைத் தடை செய்தது. ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வருவதையே தொழிலாக வைத்திருந்த கங்காணிக்கு அத்தோடு வரும்படி போயிற்று. மிச்சம் இருப்பது தலைக்காசு, அதாவது தன் ஆட்களில் அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களை எண்ணிக் கங்காணிக்குக் கொடுக்கிற காசு. ஆள் குறைந்தால் காசு குறையும். அப்போது கிராணியும் (தோட்டத்து எழுத்தர்) கங்காணியும் சேர்ந்து, வராத ஆளை வந்ததாகச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் எழுதினால்? அதை ஒருவன் பார்த்துவிட்டால்? கொலைக்கு இதைவிடத் தோட்டத்தனமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

(சுங்கை சிப்புட்டின் தமிழ்ப் பள்ளியான காந்தி கலாசாலையைக் கதையில் வைக்க ஆசை வரும். அது 1954, வேண்டாம்.)

துப்புகளையும் வேலைக்குள்ளிருந்தே எடுங்கள். மரம் வெட்டுகிறவர், அதாவது பாலுக்காகப் பட்டையைக் கீறுகிறவர், ஒவ்வொரு மரத்திலும் முதலில் என்ன செய்வார்? முந்தைய வெட்டில் வழிந்த பால் கோட்டில் நாடா மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உரித்து எடுத்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார். செத்தவனுடைய நிரையில், அவன் வெட்டுகிற மர வரிசையில், ஆயா நடந்து போகிறாள் என்று வையுங்கள். நூற்றுப் பன்னிரண்டாவது மரம் வரைக்கும் நாடா உரித்து, புது வெட்டு விழுந்திருக்கிறது. பால் பிடிக்கிற மங்கில் பால் யாரும் எடுக்காமல் கட்டியாகிக் கிடக்கிறது. நூற்றுப் பதின்மூன்றாவது மரத்தில் பழைய நாடா அப்படியே இருக்கிறது, மங்கு கவிழ்ந்தபடி இருக்கிறது. முந்நூறு மரத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால், ஆறு மணிக்குத் தொடங்கியவன் ஏழு மணி கொஞ்சம் தாண்டி நிறுத்தியிருக்கிறான். செக்ரோலிலோ அவனுக்கு முழு நாள் விழுந்திருக்கிறது. இதைப் படிக்க ஆயாவுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்தில் தோட்டத்தில் துரையைக் கண்டால் கூலியாள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தது. கிராணிமார் முன்னாலும் அப்படித்தான். அந்த வழக்கம் போக வேண்டும் என்பது 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று. இருட்டில், தூரத்தில், இரண்டு உருவம். முகம் தெரியவில்லை. ஆனால் சைக்கிளில் வந்தவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான் என்று பார்த்தவர் சொன்னால், எதிரே நின்றவர் லயத்து ஆள் இல்லை.

அந்தக் காலத்துக் கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். யாழ்ப்பாணத்தார் "றப்பர்", "றோட்டு" என்று எழுதுவார்கள். ஒரு மொட்டைக் கடிதத்தில் "றப்பர்" என்று இருந்தால் எல்லாரும் கிராணியைத்தான் பார்ப்பார்கள். அதே கடிதத்தின் கடைசி வரியில் எழுதியவன் மறந்துபோய் "ரோட்டு" என்று விட்டிருந்தால், வேறு எவனோ கிராணியை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று அர்த்தம். தமிழ் நாவலில் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது, விடாதீர்கள்.

முடிவில் நீதிமன்றம் வைத்தால் ஜூரியிடம் யாரும் முழங்க வேண்டாம். அப்போது உங்கள் பேராக்கிலும் கூட்டு மலாய் மாநிலங்கள் மற்றவற்றிலும் நீதிபதியோடு, அவருக்குக் கருத்துச் சொல்கிற இரண்டு அசெஸர்கள் உட்காருவார்கள், அவ்வளவுதான். எனக்கு நீதிமன்றமே வேண்டாம் என்று படுகிறது. வாந்தி பட்ட துணித்துண்டு ஒரு சிகரெட் டின்னில் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயில் ஏறட்டும். பதில் வரும்வரை தோட்டத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பெரட்டில் நிற்கட்டும். உங்கள் நாவலின் நல்ல அத்தியாயங்கள் அங்கே இருக்கின்றன.

மலை, மூடுபனி எல்லாம் பக்கத்துக்கு ஒரு வரி போதும். வெளிநாட்டு வாசகருக்கும் ஸ்டோரில் பால் புளித்து அடிக்கிற நாற்றம்தான் புதிது. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்ற சொற்களுக்குப் பின்னால் அகராதி போடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் ஒருத்தி மங்கைத் துடைத்து, பால் சொட்டுகிற இடத்துக்குக் கீழே வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனால், மங்கு என்னவென்று தெரிந்துவிடும்.