மைக் கையில் வந்ததும் என்ன பேசுவது?

கேள்வி: வேளாண் பட்டயப் படிப்பு முடித்தவள். வயது 23. டெல்டாவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். போன குறுவைப் பருவத்தில் நெல்லை அறுத்து அரசு கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டுப் பதினோரு நாள் காத்துக் கிடந்தோம். நடுவில் இரண்டு முறை மழை பிடித்துக்கொண்டது. இதைக் கட்டுரையாக எழுதி மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பினேன்; எதிலும் வரவில்லை. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசப் போனேன். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, "சரிம்மா, மனுவைக் கொடுத்துட்டுப் போங்க" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். விவசாயப் பிரச்சினைகளை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதவும் பேசவும் எப்படிக் கற்றுக்கொள்வது? வீட்டிலோ, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மைக்?" என்கிறார்கள்.
– டெல்டா மாவட்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கட்டுரையின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கம் முழுக்க விவசாயி நாட்டின் முதுகெலும்பு, நாம் சேற்றில் கால் வைத்தால்தான் அவர்கள் சோற்றில் கை வைக்க முடியும், உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று போகிறது. உங்கள் நெல் நனைந்த விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒன்றரை வரியில் இருக்கிறது. தங்கையே, அந்த ஒன்றரை வரிதான் உங்கள் கட்டுரை. மற்றதெல்லாம் எந்த மேடையிலும் யாரும் சொல்லக்கூடியது. பதினோரு நாள் களத்தில் நின்றவர் நீங்கள். அதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் ஏன் தேங்கியது என்று கண்டுபிடியுங்கள். "அரசு அலட்சியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தையைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் நாளைக் காலையில் செய்ய ஒரு வேலையும் கிடைக்காது. நெல் தேங்குவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சாக்கு வராமல் இருக்கலாம். எடை போட்டு அடுக்கிய மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்றிப்போக லாரி வராமல், புது மூட்டை வைக்க இடமில்லாமல் போயிருக்கலாம். தூற்றும் இயந்திரம் பழுதாகியிருக்கலாம். சுமை தூக்கும் ஆட்கள் போதாமல் இருக்கலாம். ஈரப்பதம் கூடுதல் என்று உங்கள் நெல்லை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. சாக்கும் லாரியும் நெல்லை வாங்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளர் கையில் இருக்கின்றன. கூடுதலாக ஒரு நிலையம் வேண்டுமென்றால் ஆட்சியரிடம் போக வேண்டும். ஈரப்பத வரம்பைத் தளர்த்த வேண்டுமென்றால் மாநில அரசு கேட்டு, ஒன்றிய அரசு அனுமதிக்க வேண்டும். லாரி வராத குறையை டெல்லிக்கு எழுதுவதும், ஈரப்பத வரம்பைப் பற்றி நிலையத்தில் கணக்கு எழுதும் பட்டியல் எழுத்தரிடம் சண்டை போடுவதும் ஒன்றுதான். இரண்டிலும் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

காரணத்தை எங்கே தேடுவது? முதலில் களத்திலேயே. பட்டியல் எழுத்தரும், காவலரும், மூட்டை தூக்குகிறவர்களும் பெரும்பாலும் உங்களைப் போன்ற கிராமத்து ஆட்கள். பருவகாலப் பணியாளர்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். விவசாயிகள் எழுதும் கட்டுரைகளில் இவர்கள் வில்லன்களாகவே வருவது எனக்கு வருத்தம் தருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை லாரி வந்தது, எத்தனை மூட்டை ஏறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் எழுத்தில் ஆதாரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன நிலையத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நாள்வாரியாகக் கொள்முதல் செய்த மூட்டைகள் எத்தனை, கிடங்குக்கு அனுப்பியவை எத்தனை" என்று மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தேக்கம் எந்த நாளில் தொடங்கியது என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் உங்கள் கட்டுரையைச் சாமானியமாக யாரும் ஒதுக்க முடியாது.

அடுத்தது ஈரப்பதம். உங்கள் கட்டுரையில் "17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று திருப்பி அனுப்பினார்கள், இது அநியாயம்" என்று ஒரு வரி வருகிறது. நகரத்தில் இருந்து படிப்பவருக்கு இது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். "ஈரமான நெல்லை ஏன் வாங்க வேண்டும், தண்ணீருக்கும் சேர்த்தா காசு கொடுப்பது?" என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பாகும். கடைசியில் அந்த அரிசி ரேஷன் கடையில் யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் பைக்குத்தான் போகும். இதை முதலில் நீங்களே ஒப்புக்கொண்டு எழுதுங்கள். எதிராளி சொல்லப் போவதை நீங்களே நேர்மையாகச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர் காது கொடுத்துக் கேட்பார்.

அதற்குப் பிறகு கணக்கைப் போடுங்கள். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் இருந்தால் அதில் காய்ந்த பொருள் 78 கிலோ. அதையே 17 சதவீதத்துக்குக் காய வைத்தால் எடை சுமார் 94 கிலோவாகிவிடும். குவிண்டாலுக்கு 6 கிலோ குறைகிறது. ஏக்கருக்கு 24 குவிண்டால் என்று வைத்துக்கொண்டால் 144 கிலோ. 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியானால் ஏக்கருக்கு 3,600 ரூபாய். இது போன தண்ணீரின் விலை. இதை நட்டம் என்று எழுதாதீர்கள், உங்கள் வாதம் அடிபட்டுப் போகும். உண்மையான நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது. பெல்ட் அறுவடை மெஷின் ஒரே நாளில் மூன்று ஏக்கரையும் அறுத்துக் கொட்டிவிடுகிறது, காய வைக்கக் களம் இல்லை. தார்ச்சாலையில் பரப்பிக் கிளற ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை, ராத்திரிக் காவல், மழையில் முளைத்துப் போன நெல். இதெல்லாம் எவ்வளவு ஆயிற்று? கட்டுரையில் ஒரு ரூபாய்கூட எழுதவில்லையே! அம்மாவிடம் கேளுங்கள், கட்டாயம் சொல்வார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் என்ற பழமொழியைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம், ஆனால் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

இந்தக் கணக்கு முடியும்போது உங்கள் கோரிக்கையே மாறிவிடும் என்று நினைக்கிறேன். 2022 குறுவையில் 22 சதவீதம் வரை ஈரத்தை அனுமதிக்கச் சொல்லி மாநிலம் கேட்டது, 19 வரைதான் கிடைத்தது. பல ஆண்டுகளில் மழை வந்த பிறகு கேட்பதும், ஒன்றிய அரசின் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும், உத்தரவு வருவதற்குள் நெல் முளைப்பதுமாக இருக்கிறது. உங்கள் ஊருக்கு ஓர் உலர்களமோ, நிலையத்துக்கு நெல் உலர்த்தும் இயந்திரமோ கேட்டு எழுதினால், அது இந்த ஆண்டோடு முடிகிற கோரிக்கையாக இருக்காது. இது என் கருத்து. களத்தில் நின்றவர் நீங்கள், உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அதையே எழுதுங்கள்.

பயிர்க் காப்பீடு பற்றி எழுதப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேயும் இதே வழிதான். நெல்லுக்கு இழப்பீட்டைப் பொதுவாக வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்து முடிவு செய்கிறார்கள். அந்தச் சராசரி, சில வயல்களில் அறுத்து எடை பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைப்பது. "என் வயல் மூழ்கியது, பணம் வரவில்லை" என்பதோடு நிறுத்தாமல், பரிசோதனை எந்த வயல்களில் நடந்தது, கிராமத்துக்கு என்ன மகசூல் போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இனி பேச்சுக்கு வருவோம். குறைதீர் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். ஆட்சியர் முன்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருப்பார்கள். வணக்கம், பெரியோர்களே, தாய்மார்களே என்று தொடங்கினாலே பாதி போய்விடும். முதல் மூச்சிலேயே கேட்பதைக் கேட்டுவிடுங்கள். இப்படி:

"வணக்கம் ஐயா. எங்க ஊர் கொள்முதல் நிலையத்துக்கு ரெண்டு லாரி வேணும். எடை போட்ட மூட்டை வாசல் வரைக்கும் நிக்குது, அதனால அஞ்சு நாளா எடை போடல. வெளியில குவிச்ச நெல்லு நேத்து மழையில நனைஞ்சிடுச்சு. மண்டல மேலாளர் இங்கேயே இருக்காங்க. லாரி என்னைக்கு வரும்னு சொல்லச் சொல்லுங்கய்யா."

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகாது. துறை அலுவலர்கள் அந்த அரங்கிலேயே உட்கார்ந்திருப்பதால் ஆட்சியர் அங்கேயே திரும்பிக் கேட்க முடியும். ஒரு தேதியைச் சொல்லவைத்தால் அதுவே பெரிய வெற்றி. மீதி ஒன்றரை நிமிடத்தை அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். மேடைத் தமிழுக்கு மாறினால்தான் குரல் நடுங்கும், அடுத்த வார்த்தை மறந்து போகும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். பிறகு, நெல்லே பார்க்காத ஒரு சொந்தக்காரர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார் அல்லவா? அவருக்குப் போன் போட்டு அதையே சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் "அப்படீன்னா என்ன?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தை மாற்றுங்கள். சிப்பம், தலையாரி, அடங்கல் என்று நமக்குத் தண்ணீர்பட்ட பாடாக வரும் சொற்கள் பாதிப் பேருக்குப் புரியாது. சொல்லை விட வேண்டாம். பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

பயிற்சிக்கு நல்ல இடம் கிராம சபை. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே எல்லாம் தெரிந்த முகங்கள், பயம் குறையும். உலர்களம் வேண்டுமென்று பேசுவதோடு விடாமல், தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே நான்கு வரியில் எழுதிக்கொண்டு போய், அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எழுத்தும் பேச்சும் ஒரே நாளில் பழகும்.

கேட்டுப் பழகவும் நிறைய இருக்கிறது. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சைப் பகுதியில் பரவியதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜனங்கள் அதை ரேடியோ நெல் என்றே கூப்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் காதால் கேட்டு வயலில் செய்கிற மாதிரி அன்றைக்குப் பேசியிருக்கிறார்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயாவின் பேச்சுப் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள். அவருடைய எல்லாக் கருத்துகளையும் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். நெல்லின் அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு என்ற பழைய சொலவடையை அவர் சொல்லும்போது, உயரமாக வளரும் பாரம்பரிய ரகத்தில் மண்ணுக்கு என்ன கிடைக்கும், மாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பது ஒரே மூச்சில் விளங்கிவிடும். கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளில் தொடங்கி, தெரியாத இடத்துக்குக் கூட்டிப் போவார்.

கட்டுரையை எங்கே அனுப்புவது என்ற கவலை இப்போது வேண்டாம். முதலில் இந்த ஒரு விஷயத்தை 400 வார்த்தையில் எழுதுங்கள். முதல் வரியில் தேதி, களம், மழை. நடுவில் செலவுக் கணக்கு, காரணம். கடைசியில் யாரிடம் என்ன கேட்கிறீர்கள். பணம் கேட்டார்கள் என்பது போன்ற குற்றச்சாட்டு எதையும் எழுத வேண்டி வந்தால், கண்ணால் பார்த்ததையும் கையில் ஆதாரம் உள்ளதையும் மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதை வைத்து ஆளின் பெயரைப் போடாதீர்கள். உங்களுக்கும் ஆபத்து, உண்மையான பிரச்சினையும் அதோடு திசை மாறிவிடும்.

உங்கள் வீட்டில் சொல்வதற்கு வருகிறேன். நாற்றுப் பறிப்பதும், நடவும், களையும் நம் ஊரில் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. பட்டா ஆண் பெயரில் இருப்பதால், கூட்டத்தில் மைக் வரிசையில் ஆண்கள்தான் நிற்கிறார்கள். பெண்கள் பேசாததால், நடவுக் கூலி, களத்தில் ராத்திரி தங்க இடமோ கழிப்பறையோ இல்லாதது போன்றவை அங்கே பேச்சுக்கே வருவதில்லை. நீங்கள் நிச்சயம் பேச வேண்டும். அப்பாவிடம் வாதாடி நேரத்தைப் போக்காதீர்கள், அவரையே கூட வரச் சொல்லுங்கள், நெல் அவருடையதும்தானே. அம்மாவும், தெருவில் நடவுக்குப் போகிற பெண்கள் இரண்டு மூன்று பேரும் வந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் நம் ஆட்கள் இருந்தால் குரல் தானாக நிலைக்கு வரும். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தத் தேதியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும். 400 வார்த்தைக் கட்டுரை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.