கேள்வியின் வாலைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் திருப்புதல் தேர்வில் 75-க்கு 41தான். ‘கேட்டதற்குப் பதில் எழுது’ என்று தாள் முழுக்கச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார் டீச்சர். நான் எட்டாவது வரைதான் படித்தேன். வீட்டில் எப்படி உதவுவது?

பதில்: எட்டாவது போதும் அம்மா. இதற்கு அறிவியல் தெரிய வேண்டியதில்லை, தமிழை நிதானமாக வாசித்தால் சரி.

தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வரும்? ‘கடல்புல்’ என்று கேள்வி தொடங்கியதுமே நன்றாகப் படித்த பிள்ளைக்கு அந்தப் பாடம் முழுதும் கண்முன் வந்துவிடும், கை எழுத ஓடும். வாலில் ‘வேறுபடுத்துக’ என்று நிற்பதைப் பார்ப்பதே இல்லை. நான் திருத்திய தாள்களில் பாடம் தெரியாமல் போன மதிப்பெண்ணைவிட இப்படிப் போனதுதான் அதிகம்.

உங்கள் கடற்கரைச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். ‘கடல்புல்லையும் கடல்பாசியையும் வேறுபடுத்துக.’ உங்கள் மகள் புல்லைப் பற்றி ஐந்து வரி, பாசியைப் பற்றி ஐந்து வரி எழுதியிருப்பாள். அது இரண்டு தனிக் குறிப்பு, வேறுபாடு ஆகாது. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். வேர்? புல்லுக்கு மண்ணில் இறங்கிய வேர் உண்டு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்புதான். பூ? புல் பூக்கும், பாசி பூக்காது. நீரையும் உணவையும் கடத்தும் திசு? புல்லுக்கு உண்டு, பாசிக்கு இல்லை. பாசி எடுக்கக் கடலுக்குள் போகும் பெண்களிடம் கேட்டால் முதல் வேறுபாட்டைப் புத்தகம் இல்லாமலே சொல்வார்கள்.

அடுத்தது ‘காரணம் கூறுக’. பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசுவது ஏன்? ‘அதற்குக் கடல்காற்று என்று பெயர்’ என்று எழுதினால் பெயர்தான் வந்தது, காரணம் வரவில்லை. நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகம், அதாவது நீர் சூடாக நிறைய வெப்பம் வேண்டும், அதனால் ஒரே வெயிலில் தரை சீக்கிரம் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று விரிந்து மேலே போகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்துபோகும். ‘அதனால்’ என்ற சொல் ஒருமுறைகூட வராத பதிலைச் சந்தேகப்படுங்கள்.

கூற்று–காரணம் கேள்விக்கு ஒரு தந்திரம். ‘கூற்று: கடல்நீர் நன்னீரைவிட அடர்த்தியானது. காரணம்: கடலில் அலை அடிக்கிறது.’ இரண்டும் உண்மைதான். நடுவில் ‘ஏனென்றால்’ போட்டு வாசித்துப் பாருங்கள், சிரிப்பு வருகிறதல்லவா? அப்போது விடை ‘இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை’.

‘வரையறு’ என்றால் ஒரு வாக்கியம் போதும். ‘கணக்கிடுக’ என்றால் சூத்திரம், பிரதியிடுதல், கடைசியில் அலகு. ‘விவரி’க்கும் ‘விளக்கு’க்கும் நடுவே பெரிய மதில் கட்டுகிற நோட்ஸ்களை நான் நம்புவதில்லை. கேள்வித்தாளிலேயே இரண்டும் மாறி மாறி வருகின்றன. அங்கே மதிப்பெண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 2 மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு 7 மதிப்பெண்ணுக்கு நேரமில்லாமல் தவிப்பது வேண்டாம். அப்புறம், 7 மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் அ, ஆ என்று பிரிந்திருக்கும். ‘ஆ’வை மறந்து வருகிறவர்கள் ஏராளம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுங்கள். பதில் எழுதவே வேண்டாம். நீங்கள் கேள்வியை வாசியுங்கள். என்ன செய்யச் சொல்கிறது, எத்தனை குறிப்பு வேண்டும், படம் உண்டா என்று மட்டும் அவள் சொல்லட்டும். தினம் பத்து கேள்வி. வீட்டில் வினைச்சொல்லுக்குப் பென்சிலால் கோடு போடலாம். பொதுத்தேர்வில் கேள்வித்தாளை வாசிக்கத் தனியாக 10 நிமிடம் தருகிறார்கள். அங்கே தாளில் எதையும் எழுதாமல் வாலில் விரல் வைத்து வாசித்தால் போதும். முதல் இரண்டு நாள் ‘பதில் எழுதாமல் இது என்ன படிப்பு’ என்று முகம் சுளிப்பாள். விட்டுவிடாதீர்கள்.