பொங்கல் சிறுகதைப் போட்டி: கேள்வி – பதில்

கே: போட்டிக்கு 1,500 சொல்தான் எல்லை. என் கதை 2,100-ஐத் தாண்டிவிட்டது. எங்கே வெட்டுவது? (வாசகி, தேவகோட்டை)

ப: முதல் பக்கத்தில். செட்டிநாட்டுக் கதை என்றாலே முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல் என்று வீட்டைச் சுற்றிக் காட்டிய பிறகுதான் ஆளையே கொண்டுவருகிறார்கள். அதற்கே 400 சொல் காலி. ஆச்சி பெட்டகத்துச் சாவியைத் தேடும் இடத்தில் தொடங்குங்கள். அவர் நடக்கும் வழியிலேயே வளவும் கட்டும் வந்துவிடும். பெயருள்ள பாத்திரங்கள் மூன்று, நான்கு போதும். கல்யாண வீட்டுப் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பெயர் வைத்தால், யாருக்கு யார் என்ன முறை என்று நடுவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். கடைசிப் பத்தியில் நீதி சொல்லியிருப்பீர்கள், அதையும் எடுத்துவிடுங்கள்.

கே: பிளஸ் ஒன் படிக்கும் மகன் இளையோர் பிரிவுக்குத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிய கதை, அங்கே சிதைந்து தெரிகிறதாம். ஏன்? (வாசகர், காரைக்குடி)

ப: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, கைபேசியில் திறந்து பாருங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும். பெயர், வயதுச் சான்றைத் தனிக் கோப்பாக வையுங்கள். கதைத்தாளில் பெயர் இருந்தாலே ஒதுக்கும் போட்டிகள் உண்டு.

கே: முகநூலில் போட்ட கதையை அனுப்பலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

ப: பல போட்டிகளில் அதுவும் பிரசுரக் கணக்குதான். புதிதாக எழுதுங்கள்.