நூற்றிருபதாம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

நாவல் 120 பக்கத்தோடு நிற்கிறது, டிசம்பரில் கோவையில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விழாவுக்குப் போனால் உந்துதல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் மேடைப் பேச்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நானும் ஏழாவது அத்தியாயத்தில் முட்டிக்கொண்டுதான் போனேன். அரங்கில் கேட்டது பாதி மறந்துவிட்டது. டீ இடைவேளையில் ஒரு பெரியவர், "உங்க கதையில அந்தம்மா காலையில எந்திரிச்சதும் என்ன பண்ணுவாங்க?" என்றார். பதில் தெரியவில்லை. பேப்பர் கப்பைக் கையில் பிடித்தபடி அசடு வழிந்தேன். அன்றிரவு லாட்ஜில் அந்தக் காலையைத்தான் எழுதினேன், மூன்று பக்கம்.

அப்புறம், திரும்புவதற்குப் பகல் ரயிலில் போடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்தால் அந்தச் சூடு நாலு நாள்கூடத் தாங்காது, ரயிலிலேயே எழுதிவிடுங்கள். ஜன்னல் சீட் வேண்டாம், வேடிக்கை பார்ப்பீர்கள்.