பஸ்ஸுக்குப் பின்னால் காரில் போக வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நானும் சுங்கை சிப்புட்தான். என் மகனுக்கு 11 வயது, ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு வருடமாகக் கை கழுவிக்கொண்டே இருக்கிறான். தோல் வெடித்துப்போய், ரசம் பட்டால் எரிகிறது என்று கரண்டியில் சாப்பிடுகிறான். பள்ளி டாய்லெட்டுக்குப் போகவே மாட்டான், அதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. ராத்திரி படுக்கும்போது "அம்மா, எனக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று கேட்பான். நான் "ஒன்னும் ஆகாதுய்யா" என்று ஒரே குரலில் மூன்று தடவை சொல்ல வேண்டும், குரல் மாறினால் மறுபடி முதலிலிருந்து. அவன் அப்பா, எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) காலத்துப் பழக்கம், இரண்டு அடி போட்டால் போய்விடும் என்கிறார். போட்டும் பார்த்துவிட்டார். மாமியார் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். இப்போது கயிறு நனைந்துவிட்டதா, அறுந்துவிடுமா என்று அதையும் கேட்கிறான். அடுத்த மாதம் பள்ளியில் பினாங்குக்கு மூன்று நாள் கல்விச் சுற்றுலா. அவனுக்குப் போக ரொம்ப ஆசை. டீச்சர், "யோசிச்சு முடிவு பண்ணுங்க, அங்கே தனியா பார்த்துக்க ஆள் இல்லை" என்கிறார். அனுப்பலாமா அக்கா? நானும் கூடவே போய்விடட்டுமா? உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன். என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

அனுப்புங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதத்தை மூன்று முறை படித்த பிறகும் என் பதில் மாறவில்லை. இன்னும் நான்கைந்து வாரம் இருக்கிறது, அதற்குள் செய்ய வேண்டிய வேலைதான் நிறைய.

நீங்கள் எழுதியிருப்பது ஓ.சி.டி. மாதிரித் தெரிகிறது, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அபூர்வமான நோய் ஒன்றுமில்லை, நூறு பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு வருவதுதான். கொஞ்சம் பெரிய பள்ளியாக இருந்தால் உங்கள் மகனைப் போல இன்னும் சிலர் அங்கேயே யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். எம்சிஓ நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும்தான் கை கழுவினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். இவனால் விட முடியவில்லை. "கழுவாவிட்டால் ஏதோ ஆகிவிடும்" என்று ஒரு எண்ணம் வந்து நெஞ்சை அடைக்கிறது, கழுவினால் கொஞ்சம் மூச்சு வருகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி அடைக்கிறது. அந்தப் பயம் கழுவாமல் இருந்தாலும் தானாகவே தணியும், ஆனால் தணிகிற வரை அவன் ஒருநாளும் காத்திருந்ததில்லை. அதனால் கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை நம்பிக்கொண்டே போகிறது. அடித்தால் நிற்காது தங்கச்சி, ஒளிந்துகொண்டு கழுவுவான். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டுங்கள்.

என் மகளுக்குக் கை கழுவுகிற பிரச்சினை இல்லை. அவள் எழுதி அழிப்பாள். 'ழ'வின் வால் சரியாக வரவில்லை என்று அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள். ஒருநாள் அவள் தமிழ் நோட்டை விரித்துப் பார்த்தேன், ஒரே வரியில் மூன்று ஓட்டை, ஓட்டைக்குள் அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது, ஓரமெல்லாம் ரப்பர் தூளும் விரல் ஈரமும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் உருண்டு கிடந்தது. அந்தப் பக்கத்தின் கீழே சிவப்பு மையில் "சோம்பேறித்தனம், பாடம் முடிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து இரவு பதினொரு மணி வரை எழுதியவளைச் சோம்பேறி என்று எழுதியிருந்ததைப் பார்த்து அன்றைக்கு நான் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

அவளுக்கு இன்னொன்றும் இருந்தது. நான் செத்துவிடுவேன் என்கிற பயம். ஐந்தாம் ஆண்டில் மலாக்காவுக்குச் சுற்றுலா. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை, பஸ்ஸுக்குப் பின்னால் காரில் போனேன். தாப்பா ஓய்விடத்தில் பஸ் நின்றதும் ஓடிவந்தாள், "அம்மா, நீ நல்லா இருக்கல்ல?" நல்லா இருக்கேன்டா என்றேன். அடுத்த நிறுத்தத்திலும் ஓடிவந்தாள். மலாக்காவில் மற்றப் பிள்ளைகளெல்லாம் செயின்ட் பால் குன்றின் படிக்கட்டில் கத்திக்கொண்டு ஏறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கீழே என் கார் நிற்கிற இடத்தைத் தேடிக்கொண்டு நின்றாள். அவள் பார்த்த மலாக்கா என் காரின் நம்பர் பிளேட்தான். அவளுக்குத் துணையாகப் போவதாக நினைத்துக்கொண்டு, அவள் பயத்துக்குத்தான் துணையாகப் போயிருந்தேன். நீங்கள் கூடப் போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ராத்திரி நீங்கள் மூன்று தடவை சொல்லும் "ஒன்னும் ஆகாதுய்யா"வும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அது அன்பில் வருகிற பதில். ஆனால் அதைக் கேட்பது பையன் இல்லை, நோய். அதற்கு ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் நாளைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். கயிறு விஷயத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள், பயத்துக்காகக் கட்டிய கயிறே இன்னொரு பயமாகிவிட்டது. கோயிலுக்குப் போங்கள், நானும் போகிறேன். கயிற்றைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவரின் குழு, பதற்ற நோய் உள்ள 124 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தது. பாதிப் பேருக்குப் பிள்ளைக்கே நேரடியாகச் சிகிச்சை, மீதிப் பேருக்குப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி, எப்படிப் பதில் சொல்வது, எதை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். அம்மா மாறினாலே பிள்ளைக்கு அவ்வளவு கிடைக்கிறது.

என்ன சொல்லலாம் என்றால், "உனக்குப் பயமா இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும்யா. உன்னால தாங்கிக்க முடியும்னும் தெரியும்." அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை. நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஏமாற்றிவிட்டதாக நினைப்பான். பகலில் நல்ல மனநிலையில் இருக்கும்போது உட்காரவைத்து, இந்த வாரம் மூன்று தடவைக்குப் பதில் இரண்டு, அடுத்த வாரம் ஒன்று என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். முதல் சில நாள் மோசமாகும். அழுவான், கத்துவான், கதவை உதைப்பான். அந்த நேரத்தில் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டால், கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும். மாமியாரும் கணவரும் உங்களோடு நிற்க வேண்டிய நேரம் அதுதான்.

நோய்க்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். என் மகள் 'கங்காணி' என்று வைத்தாள், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். பாட்டி தோட்டத்துக் கதை சொல்லிக் கேட்டிருக்கிறாள், விடியுமுன்னே பெரட்டுக்கு நிறுத்தி வைத்துப் பெயர் கூப்பிடுவது, லேட்டானால் திருப்பி அனுப்பிவிடுவது எல்லாம். "அம்மா, கங்காணி பெரட்டுக்குக் கூப்பிடுறான், இன்னொரு தடவை அழிக்கணுமாம்" என்பாள். சரி, இன்னைக்குப் பெரட்டுக்குப் போகாம இருந்து பாரேன், என்ன பண்ணிடுவான்னு பார்ப்போம் என்பேன். பெயர் வைத்த பிறகு நானும் அவளும் ஒரு பக்கம், கங்காணி இன்னொரு பக்கம். அதுவரை அவளும் நோயும் ஒரு பக்கம், நான் எதிரில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி டாக்டர். முதலில் கிளினிக் கெசிஹத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு) போங்கள், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. சந்திப்புத் தேதி கிடைக்க நாளாகும், சுற்றுலா முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். மாமியார் பயப்படுவார், தெரியும். இந்தப் பக்கத்தில் மனநல டாக்டர் என்றாலே தஞ்சோங் ரம்புத்தான்தான் எல்லார் வாயிலும் வரும், சின்ன வயதில் நாங்கள் சேட்டை செய்தால் "தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ல ஏத்திடுவேன்" என்றுதான் மிரட்டுவார்கள். 1911-இலிருந்து அங்கே அந்த மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேலாகச் சேர்ந்த பயம் ஒரு நாளில் போகாது. பையனை யாரும் எங்கும் அடைக்கப்போவதில்லை, வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

அங்கே தருவது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, பயப்படுகிற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவைத்து, பிறகு கழுவாமல் இருக்கப் பழக்குவது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து எழுதியதிலிருந்து தொடங்கிய முறை, இன்றைக்கும் இதுதான் முதல் சிகிச்சை. இன்னொன்று செர்ட்ராலின் மாதிரி மருந்து, அது வேலை செய்யப் பல வாரம் ஆகும், பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. 2004-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை உள்ள 112 பிள்ளைகளிடம் பார்த்ததில் இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள். உங்கள் மகனுக்கு எது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-இல் பேசலாம்.

பள்ளிக்கு வருவோம். டீச்சர் கெட்டவர் இல்லை, அவருக்குப் பயம். நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடையாது, அதனால் நீங்களே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். இது நோய், அடம் இல்லை. மற்றப் பிள்ளைகள் முன்னால் கையைப் பற்றிப் பேச வேண்டாம். "இது சுத்தமா, ஒன்னும் ஆகாதுல்ல" என்று அவன் கேட்டால் ஆமாம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம், "இது கங்காணி கேள்வியாச்சே" என்று மட்டும் சொன்னால் போதும் (அவன் என்ன பெயர் வைக்கிறானோ அது). ரொம்ப முடியாமல் போனால் டீச்சரிடம் காட்ட ஒரு சின்ன அட்டை, காட்டினால் ஐந்து நிமிடம் ஓரமாக உட்காரலாம், பிறகு திரும்பி வந்துவிட வேண்டும். உங்களுக்குப் போன், இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு தடவை. பகலில் அவன் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அப்போதுதான் டீச்சருக்குத் தைரியம் வரும்.

தண்ணீர் விஷயம் அவசரம். காலையிலிருந்து குடிக்காமல் நம் ஊர் வெயிலில் நிற்பது உடம்புக்குக் கெடுதல், கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்தால் அதுவே அடுத்த பயமாகிவிடும். டாய்லெட்டை இன்றைக்கே படிப்படியாக ஆரம்பியுங்கள். ஒன்றிலிருந்து பத்துவரை எது எவ்வளவு பயம் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். பள்ளி டாய்லெட் வாசலில் நின்றுவிட்டு வருவது மூன்று என்பான், கதவைத் தொடுவது ஐந்து என்பான், உள்ளே போவது ஒன்பது என்பான். மூன்றிலிருந்து தொடங்குங்கள். போய்விட்டு வந்தால் சாதாரணமாக எல்லாரும் கழுவுவது போல ஒரு தடவை கழுவலாம், இரண்டாவது தடவைதான் கங்காணியுடையது. மூன்று சலிப்பாகிற வரை அதையே செய்யுங்கள், அப்புறம் ஐந்து.

டீச்சர் ஒரேயடியாக மறுத்தாலோ, சுற்றுலாவுக்கு முந்தின வாரம் பையன் ரொம்ப மோசமாக இருந்தாலோ, ஒரு இரவு மட்டும் அனுப்பி மறுநாள் அப்பா போய் அழைத்துவர முடியுமா என்று கேளுங்கள். முழுக்க ரத்து செய்வதைவிட அது எவ்வளவோ மேல். அழுகிற பிள்ளையைப் பஸ்ஸில் தூக்கிப் போடவும் வேண்டாம்.

துணிப்பை கட்டும்போது உங்கள் கை தானாக டெட்டால் பாட்டிலை எடுத்து வைக்கும், வீட்டுப் போர்வையை மடித்து வைக்கும். எடுத்து வெளியே வையுங்கள். கைக்கு டாக்டர் தருகிற களிம்பு மட்டும் போகட்டும்.

அதற்கு முன் ஒரு ஒத்திகை. வருகிற சனிக்கிழமை குடும்பமாகப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போய்விட்டு வாருங்கள், முருகனையும் கும்பிட்ட மாதிரி இருக்கும். வழியில் குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்துங்கள், சுற்றுலா பஸ்ஸும் அநேகமாக அங்கேதான் நிற்கும். பையனை அப்பா டாய்லெட்டுக்கு அழைத்துப் போகட்டும், ஆனால் அவர் வாசலோடு நிற்கட்டும், ஒன்றும் சொல்லாமல். நீங்கள் காரிலேயே இருங்கள். அவன் ஓடிவந்து ஏதாவது கேட்டால் உள்ளே அழைத்து ஏறிக்கொள்ளச் சொல்லுங்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள், கிளம்புங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள், வாசல்வரைதான் போனான் என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா