பிளாஸ்டிக்கிலிருந்து மின்சாரம்: மகள் எந்தப் படிப்பில் சேர வேண்டும்?

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் உங்கள் மகள், பிளாஸ்டிக் குப்பையை எண்ணெயாக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இதுதான் தன் துறை என்கிறார். உங்களுக்கு இரண்டு பயம். குப்பையோடு மல்லுக்கட்டும் வேலை உடம்புக்கு ஆகுமா? பத்து வருடம் கழித்து இந்தத் துறை இருக்குமா? இரண்டுக்கும் பதில் சொல்லலாம். அதற்கு முன், அவர் மனத்தில் இருக்கும் வேலையும் அங்கே உண்மையில் நடக்கும் வேலையும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுவோம்.

காணொளிகள் உலையைக் காட்டுகின்றன. நெரிசலான நகரத்தில் இந்தத் தொழிலின் பாதித் தலைவலி உலைக்கு முன்னால் இருக்கிறது, மீதி உலைக்குப் பின்னால். லாரியில் என்ன வருகிறது, புகைபோக்கியில் என்ன போகிறது என்பதுதான் இங்கே பொறியாளர்களுக்குச் சம்பளம் வாங்கித் தரும் விஷயம்.

முதலில், லாரியில் வரும் சரக்கு. பைகளும் டப்பாக்களும் செய்யும் பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் கிலோவுக்கு ஏறத்தாழ 43 முதல் 46 மெகாஜூல் வெப்பம் தரும். கிட்டத்தட்ட டீசல் அளவு. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 22 அல்லது 23தான் தரும், பிவிசி 20க்கும் கீழே. காரணம் எளிது: பெட்டில் ஆக்சிஜன் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். எரிய வேண்டிய கார்பனும் ஹைட்ரஜனும் அந்த அளவுக்குக் குறைவு. இவற்றோடு உணவுக் கழிவு, மண், நனைந்த காகிதம் எல்லாம் கலந்துதான் லாரி வருகிறது. கலந்த குப்பையின் வெப்ப மதிப்பு பொதுவாக 8 முதல் 12 மெகாஜூல். ஈரம் மிகுந்தால் 5, 6 வரை இறங்கிவிடும். 6க்குக் கீழே போனால் குப்பை தானாக நின்று எரியாது. துணை எரிபொருள் ஊற்ற வேண்டும். மின்சாரம் எடுக்கக் கட்டிய ஆலை எண்ணெய் குடிக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

இந்தக் கணக்கை மகளைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 500 டன் குப்பை, கிலோவுக்கு 9 மெகாஜூல். மொத்தம் 45 லட்சம் மெகாஜூல். ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் சுமார் 52 மெகாவாட் வெப்பம். அதில் 22 சதவீதம் மின்சாரமானால் 11 மெகாவாட்டுக்குச் சற்று மேல். ஆலையின் சொந்தச் செலவு போக வெளியே விற்கக் கிடைப்பது 10 மெகாவாட்டுக்கும் குறைவு. ‘வெறும் 22தானா, ஏன்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் நல்ல அறிகுறி. பிளாஸ்டிக்கிலிருந்தும் உப்பிலிருந்தும் வரும் குளோரின் கொதிகலன் குழாய்களை அரிக்கும். குழாய் சூடேற ஏற அரிப்பும் வேகமாகும். அதனால் நிலக்கரி ஆலையில் 540 டிகிரி வரை போகும் நீராவியை இங்கே 400 டிகிரி பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நீராவியின் வெப்பம் குறைந்தால் டர்பைன் தரும் மின்சாரமும் குறையும். இந்த அரிப்பைச் சமாளிக்கும் உலோகப் பூச்சும் கலவையும் தேடுவதே உலோகவியல் படித்தவர்களுக்கு ஒரு முழு வாழ்க்கைக்குப் போதுமான வேலை.

நகர நெரிசல் தனியாக ஒரு பாடம். 500 டன் என்றால் 8 டன் லாரிகள் தினமும் அறுபதுக்கு மேல், அதுவும் குடியிருப்புகள் வழியாக. நாற்றம் வெளியே கசிந்தால் ஆலையையே மூடச் சொல்வார்கள். அதனால் குப்பைக் குழிக்கு மேலிருந்து காற்றை உறிஞ்சி அதையே உலைக்குக் கொடுக்கிறார்கள். கதவு திறந்தால் காற்று உள்ளேதான் போகும், வெளியே வராது. உலை பழுதாகி நிற்கும் நாளில் இந்த உறிஞ்சலும் நின்றுவிடும். அப்போதைக்குத் தனிக் கார்பன் வடிகட்டி வைக்க மறந்த வடிவமைப்புகள் அக்கம்பக்கத்தாரிடம் மாட்டிக்கொள்ளும். வியன்னாவில் ஸ்பிட்டலாவ் எரிஆலை நகரத்தின் நடுவிலேயே நின்று வீடுகளுக்கு வெப்பம் தருகிறது. கோபன்ஹேகனின் அமாகர் பாக்கே ஆலையின் கூரையில் பனிச்சறுக்குகிறார்கள். சிங்கப்பூர் குப்பையை எரித்து, சாம்பலை 1999இல் திறந்த செமகாவ் கடல்சார் நிரப்பிடத்துக்கு அனுப்புகிறது. எரித்தால் கன அளவு 90 சதவீதம் குறையும். எடையிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாக மிஞ்சும். இடமில்லாத நகரங்கள் மின்சாரத்துக்காக மட்டும் இந்த ஆலைகளைக் கட்டவில்லை.

உலைக்குப் பின்னால் நடப்பதுதான் உங்கள் முதல் பயத்துக்கு நேரான பதில். ஐரோப்பிய விதிப்படி எரிந்த வாயு குறைந்தது 850 டிகிரியில் 2 விநாடி நிற்க வேண்டும். குளோரின் மிகுந்த அபாயக் கழிவென்றால் 1,100 டிகிரி. குளோரின் சேர்ந்து எரியும்போது உருவாகும் டையாக்சின் என்ற நச்சு சிதைவது இப்படித்தான். ஆனால் வாயு குளிரும்போது, 400க்கும் 200க்கும் இடைப்பட்ட வெப்பத்தில், சாம்பல் துகள்களின் மேல் அது மறுபடி உருவாகும். அந்த இடைவெளியை வேகமாகக் கடக்கச் செய்து, சுண்ணாம்பால் அமிலத்தையும் கிளர்வூட்டிய கார்பனால் டையாக்சினையும் பாதரசத்தையும் பிடித்து, துணிப் பை வடிகட்டியில் தூசியை நிறுத்துகிறார்கள். டையாக்சினுக்கு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். ஆலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான் இது பெரும்பாலும் தவறும்: உலை இன்னும் சூடேறியிருக்காது, வாயுவின் ஈரம் பையில் படிந்து தூசி களிமண்ணாகிவிடும். அடிக்கடி நின்று ஓடும் ஆலையை விட்டு விலகியிருப்பது நல்லது, வேலைக்கானாலும் சரி, குடியிருக்கவானாலும் சரி.

இதுவரை பார்த்தது எரித்து மின்சாரம் எடுக்கும் வழி. இரண்டாவது வழியான, எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ் பக்கம் வருவோம். மகளை ஈர்த்தது அநேகமாக இதுதான். காற்றில்லாமல் 400 முதல் 550 டிகிரியில் சூடாக்கினால் பாலிஎதிலீனின் நீண்ட சங்கிலிகள் உடைந்து ஆவியாகும், குளிர்வித்தால் எண்ணெய். ஆய்வகத்தில் சுத்தமான சரக்கைப் போட்டு எடுக்கும் அளவு, நகரக் குப்பையில் வராது. பெட் கலந்தால் டெரெப்தாலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் குளிர்விப்பானில் படிகமாகி வழியை அடைக்கும். பிவிசி 300 டிகிரிக்கு முன்னமே ஹைட்ரஜன் குளோரைடை விட்டு எஃகைத் தின்னும். வெப்பம் போதாவிட்டால் எண்ணெய்க்குப் பதில் மெழுகு வந்து குழாயில் உறையும். பிளாஸ்டிக் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உலைச் சுவரை ஒட்டியது கருகிக் கரிப்படலமாகும், நடுவில் இருப்பது உருகாமல் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே ஆக்சிஜன் புகுந்தால் வெடிக்கும். வீட்டில் டப்பாவும் அடுப்பும் வைத்துச் செய்து காட்டும் காணொளிகளை மகள் எக்காரணம் கொண்டும் முயல வேண்டாம். இதில் மட்டும் நீங்கள் பிடிவாதமாக இருங்கள்.

மூன்றாவது வழி, குப்பையைத் துண்டாக்கி, உலர்த்தி, சிமென்ட் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவது. சூளையில் கிளிங்கர் (அரைத்தால் சிமென்டாகும் கட்டிகள்) 1,450 டிகிரி வரை போவதால் பிளாஸ்டிக் முழுதாக எரியும், சாம்பலும் சிமென்டிலேயே சேர்ந்துவிடும். அங்கும் குளோரின்தான் வில்லன்: உப்பாகச் சுழன்று முன்சூடேற்றியை அடைக்கும் என்பதால் சூளைக்காரர்கள் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏற்கத் தயங்குவார்கள். ஆகவே பிவிசியை முன்னாலேயே பிரித்தெடுக்கும் அகச்சிவப்பு சென்சார் வரிசைகளுக்கு மதிப்பு. அந்த சென்சாருக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தெரியாது, கார்பன் நிறமி ஒளியை விழுங்கிவிடும். இதற்குத் தீர்வு தேடுபவர்கள் ஒளியியலும் கணினிப் பார்வையும் படித்தவர்கள்.

இனி படிப்பு. ‘கழிவிலிருந்து ஆற்றல்’ என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் கிடைத்தாலும் அதை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அடித்தளத் துறை ஒன்றை எடுத்து, இறுதியாண்டுத் திட்டத்தையும் முதுநிலையையும் கழிவு பக்கம் திருப்பலாம். வேதிப் பிணைப்பும் சமநிலைக் கணக்கும் பிடித்தால் வேதிப் பொறியியல். பைரோலிசிஸும் வாயுச் சுத்திகரிப்பும் அங்கேதான். நீராவி, டர்பைன், வெப்பப் பரிமாற்றம் என்றால் இயந்திரவியல். எரிஆலைகளில் ஆள் தேடிக் கிடைக்காமல் திண்டாடுவது கருவியியல், கட்டுப்பாட்டுத் துறையில். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சரக்குக்கு ஏற்பக் காற்றையும், உலைக்குள் குப்பையை நகர்த்தும் தட்டின் வேகத்தையும் மாற்றுவது அவர்கள் கை. ஆய்வக மனமுள்ளவருக்குப் பகுப்பாய்வு வேதியியல். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்ப மதிப்பை அளக்கும் பாம் கலோரிமீட்டர், சூடாக்கும்போது எடை எப்படிக் குறைகிறது என்று காட்டும் வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி, வாயுக் கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவி ஆகியவை இருக்கின்றனவா, மாணவர் கைக்கு அவை வருமா என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்த கருவி வெறும் அலங்காரம்.

பட்டம் இல்லாமலும் இங்கே மரியாதையான வேலை உண்டு. குழிக்கு மேல் கிரேன் இயக்குபவர் ஈரமானதையும் உலர்ந்ததையும் கிளறிக் கலந்து கொடுப்பதைப் பொறுத்தே உலை சீராக எரியும். கைபேசி பேட்டரியும் எரிவாயு உருளையும் கலந்து வந்து குழியில் தீப்பிடிப்பதை முதலில் பார்ப்பவரும் அவரே.

உடம்பு பற்றி: கட்டுப்பாட்டு அறையில் ஆபத்து குறைவு, பராமரிப்பில் அதிகம். நின்ற உலைக்குள் இறங்குவது, சாம்பல் தூசி, மூடிய தொட்டிகள். உள்ளே போக எழுத்து அனுமதியும் வாயு அளவீடும் வெளியே ஒரு காவலாளும் இல்லாத இடத்தில் மகள் இறங்கக் கூடாது. சேரும் முதல் நாளே இதைக் கேட்கலாம். ஷிஃப்ட் வேலை உண்டு, ஏனென்றால் உலை இரவில் தூங்காது.

துறை நிலைக்குமா என்ற கேள்விக்கு ஒரு எண் போதும். ஒரு கிலோ பாலிஎதிலீன் எரிந்தால் 3.1 கிலோ கார்பன் டைஆக்சைடு, அதுவும் பூமிக்கடியிலிருந்து தோண்டியெடுத்த கார்பன். எனவே பிளாஸ்டிக் எரிப்பதைப் பசுமை ஆற்றல் என்று யாராவது விளம்பரம் செய்தால் சந்தேகப்படுங்கள். மறுசுழற்சி கூடினால், கார்பன் வரி வந்தால் சில ஆலைகள் சுருங்கும். ஓஸ்லோவின் கிளெமெட்ஸ்ருட் ஆலையில் புகையிலிருந்து கார்பனைப் பிடிக்கும் ஏற்பாட்டைக் கட்டத் தொடங்கியது இந்த நெருக்கடியால்தான். வாயுச் சுத்திகரிப்பு, அரிப்பு, பிரித்தெடுத்தல் தெரிந்தவருக்கு அங்கேயும் வேலை, மறுசுழற்சி ஆலையிலும் வேலை. ஒற்றை நிறுவனத்தின் ஒற்றை உலையை மட்டும் தெரிந்தவர்தான் சிக்கிக்கொள்வார்.

இந்த விடுமுறையில் மகள் செய்யக்கூடியது: ஒரு வாரக் குப்பையைக் கையுறை அணிந்து தரம் பிரித்து, எடை போட்டு, அடியில் உள்ள எண் குறியீட்டின்படி பட்டியலிடுவது. 1 பெட், 2 மற்றும் 4 பாலிஎதிலீன், 3 பிவிசி, 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 7 என்பது ‘மற்றவை’. பல அடுக்குப் பைகளும் இங்கேதான் வரும். அவற்றைப் பிரிக்க முடியாமல் தவிப்பதே இந்தத் துறையின் பெரும்பகுதி என்பது ஏழாவது நாளில் அவருக்கே புரியும். பிறகு ஓர் ஆலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். காட்சிக் கூடத்தைக் காட்டுவார்கள், பாருங்கள். கடைசியில், சென்ற வருடம் உலை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் ஏன் என்று மகளே கேட்கட்டும். 8,760 மணியில் 8,000 பக்கம் சொன்னால் அங்கே பயிற்சிக்குச் சேர விண்ணப்பிக்கலாம்.